எளிமையான விளக்கம் என்றால் அதுதான் சரியான விளக்கமா? (லெவெரியேயின் இரண்டு கோள்கள்)

#1 வானோக்கி

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒருவர், "ஒரு விஷயத்துக்கு இரண்டு விளக்கங்கள் இருந்தால் எளிமையானதே உண்மை, இது அறிவியலின் அடிப்படை விதி" என்று அடித்துப் பேசினார். ஒக்கமின் கத்தி என்று அதற்குப் பெயரும் சொன்னார். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. எனக்கு அது ஒப்பவே இல்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன், மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

பிரெஞ்சு வானியலாளர் லெவெரியேயின் கதைதான் என் காரணம்.

1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அது நியூட்டனின் கணக்குப்படி ஓடவில்லை என்பது அடுத்த சில பத்தாண்டுகளில் தெரிந்துபோனது. வியாழன், சனி இரண்டின் இழுப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் கோள் சொன்ன இடத்தில் இல்லை. ஒன்று, நியூட்டனின் விதியில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால், யாரும் பார்க்காத ஏதோ ஒன்று அப்பாலிருந்து இழுக்கிறது என்று சொல்ல வேண்டும். லெவெரியே இரண்டாவது வழியில் போனார். கண்ணால் காணாத கோளின் இடத்தைக் காகிதத்திலேயே கணித்து பெர்லின் வானாய்வகத்துக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு யோஹான் காலே அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார். லெவெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. (இங்கிலாந்தில் ஆடம்ஸும் தனியாக இதே கணக்கைப் போட்டிருந்தார். பெருமை யாருக்கு என்ற சண்டை தனிக்கதை.)

அப்புறம் புதன். சூரியனுக்கு மிக நெருங்கி வரும் அதன் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகிறது. மற்ற கோள்களால் ஏற்பட வேண்டிய நகர்வையெல்லாம் கழித்த பிறகும் ஒரு மிச்சம் நின்றது. 1859இல் லெவெரியே அதை நூறு ஆண்டுக்கு 38 வில்நொடி என்றார். பிற்பாடு அது 43 என்று திருத்தப்பட்டது. ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய மிச்சத்தை அந்த மனிதர் விடவில்லை.

இம்முறையும் அதே யோசனை. புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது. லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர், சூரிய வட்டத்தை ஒரு கரும்புள்ளி கடந்ததைப் பார்த்ததாக எழுத, லெவெரியே நேரிலேயே போய்க் குறுக்கு விசாரணை செய்து நம்பினார். மருத்துவருக்குப் பிரெஞ்சு அரசின் விருது கிடைத்தது. 1878 சூரிய கிரகணத்தில் அமெரிக்காவிலும் சிலர் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கிரகணங்களில் எடுத்த புகைப்படங்களில் ஒன்றும் இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து அந்த 43 வில்நொடி தானாக வந்து விழுந்தது. அங்கே கோள் எதுவும் இல்லை, திருத்த வேண்டியிருந்தது விதியைத்தான்.

ஆக, ஒரே ஆள், ஒரே வகை விளக்கம், இரண்டு முறையும் சமமான எளிமை. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. எளிமை உண்மையைக் காட்டும் என்றால், இந்த இரண்டில் எது எது என்று அது ஏன் காட்டவில்லை?


#2 வளைகோடு

வானோக்கி சார், உதாரணம் அருமை. ஆனால் உங்கள் நண்பர் சொன்ன வடிவத்தில் அந்தக் கொள்கையைப் புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் எளிமையின் பக்கம் நிற்பவன், அதனால் அதன் நல்ல வடிவத்தை முன்வைக்கிறேன்.

வரைபடத்தில் பத்துப் புள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டின் ஓரமாக, சற்று மேலும் கீழுமாக. ஒன்பதாம் படிக் கோவை ஒன்றை எடுத்தால் பத்துப் புள்ளிகளையும் பிசகாமல் தொட்டுப் போகும் ஒரு வளைகோட்டை வரையலாம். நேர்கோடோ ஒவ்வொன்றையும் கொஞ்சம் தவறவிடும். இப்போது பதினோராவது புள்ளி எங்கே வரும் என்று கேளுங்கள். நேர்கோடு பக்கத்தில் இருக்கும். வளைகோடு எங்கேயாவது மேகத்தில் இருக்கும். அளவீட்டில் பிழை உண்டு. மாற்றக்கூடிய எண்கள் கூடக்கூட, விளக்கம் அந்தப் பிழையையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுகிறது. ஜப்பானியப் புள்ளியியலாளர் அகாய்கே 1970களில் இதற்கு ஓர் அளவுகோலே கொடுத்தார்: விளக்கத்தில் சேர்க்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தண்டம், அந்தத் தண்டத்தை ஈடுகட்டும் அளவுக்குப் பொருத்தம் கூடினால்தான் சேர்க்கலாம்.

இதில் அழகு, ரசனை எதுவும் இல்லை. கையில் இருக்கும் தரவு எத்தனை எண்களைத் தாங்கும் என்ற கணக்கு மட்டுமே.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. எளிமையை விட்டுவிட்டால் எந்தக் கொள்கையையும் சாகவிடாமல் காப்பாற்றலாம். வல்கன் கதையிலேயே அது நடந்தது. ஒரு கோள் இல்லை என்றதும் சிறுகோள்களின் கூட்டம் என்றார்கள். அதுவும் இல்லை என்றதும் சூரியனைச் சுற்றியுள்ள தூசு என்றார்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் விலை கேட்க யாராவது வேண்டாமா?


#3 கருவறை_நூல்

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். வளைகோடு சொல்வது அளவீட்டுப் பிழை உள்ள தரவுக்குச் சரி. ஆனால் எளிமையின் கவர்ச்சி அங்கே மட்டும் வேலை செய்வதில்லை. எங்கள் துறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அறிவியல் வரலாற்றில் இதைவிட அழகான தவறு எனக்குத் தெரியாது.

1950களின் நடுப்பகுதி. டிஎன்ஏயின் வடிவம் தெரிந்துவிட்டது. அதில் நான்கு எழுத்துகள். புரதத்தில் 20 அமினோ அமிலங்கள். நான்கு எழுத்தில் எழுதியது இருபதாக எப்படி வாசிக்கப்படுகிறது? இரண்டிரண்டாக வாசித்தால் 16 சொற்கள்தான், போதாது. மும்மூன்றாக வாசித்தால் 64, மிக அதிகம். 64 எப்படி 20 ஆகிறது? அதோடு இன்னொரு சிக்கல்: எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியோ காற்புள்ளியோ கிடையாது. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

1957இல் கிரிக், கிரிஃபித், ஆர்கெல் மூவரும் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் கொடுத்தார்கள். சரியான இடத்தில் தொடங்கி வாசித்தால் மட்டுமே பொருள் வரும்படியும், ஓரெழுத்து தள்ளி வாசித்தால் பொருளற்ற சொல்லே வரும்படியும் சொற்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் காற்புள்ளியே தேவையில்லை என்றார்கள். அப்படியானால் எத்தனை சொற்கள் மிஞ்சும்? ஏஏஏ போல ஒரே எழுத்து மூன்று முறை வருபவை கூடாது, ஏனென்றால் அவை அடுத்தடுத்து வந்தால் எங்கிருந்து வாசித்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். நான்கு போயிற்று, 60 மீதம். அந்த 60இல், சுழற்றினால் ஒன்று மற்றொன்றாகும் மும்மூன்று சொற்கள் ஒவ்வொரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். 60ஐ மூன்றால் வகுத்தால் 20.

சரியாக இருபது! கூடுதலாக எந்த ஊகமும் இல்லை, கை வைத்துத் திருப்பிய எண் ஒன்றுகூட இல்லை. அகாய்கேயின் தண்டம் இதற்குச் சல்லிக்காசு விழாது. கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் இன்றைக்கும் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள்.

1961 மே மாதம் அமெரிக்காவில் நிரன்பெர்க்கும் மத்தேயும் யூ என்ற ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஆர்என்ஏயை எடுத்து, உடைத்த பாக்டீரியாவின் சாற்றில் போட்டார்கள். ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலம் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது. அதாவது யூயூயூ ஒரு பொருளுள்ள சொல். அழகான கொள்கை முதலில் தள்ளிவைத்த நான்கில் ஒன்று.

1966க்குள் முழு அகராதியும் வந்துவிட்டது. நம் ஹர் கோபிந்த் குரானாவுக்கு அதில் பெரும் பங்கு, 1968இல் நோபலும் கிடைத்தது. உண்மையான அகராதியைப் பார்த்தால் ஒழுங்கே இல்லாதது போல இருக்கும். லியூசினுக்கு ஆறு சொற்கள், டிரிப்டோஃபானுக்கு ஒன்று, நிறுத்தற்குறியாக மூன்று. ஆனால் அந்தப் பெருக்கத்துக்கும் பயன் உண்டு. மூன்றாவது எழுத்து பிசகினாலும் பல சமயம் அதே அமினோ அமிலம்தான் வரும், புரதம் தப்பித்துக்கொள்ளும். உயிர் என்பது யாரோ உட்கார்ந்து சிக்கனமாக வரைந்த திட்டம் கிடையாது. இருந்ததன் மேல் ஒட்டி ஒட்டி, கோடிக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்தது. அதற்குச் சிக்கனமான விளக்கம் பொருந்தியாக வேண்டும் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை. கிரிக்கே பிற்காலத்தில், உயிரியலில் ஒக்கமின் கத்தி ஆபத்தான கருவி என்று எழுதினார்.


#4 கேள்விக்குறி

டீச்சர், ஒரு சந்தேகம். தவறு என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்களே. நாலு வருஷம்தானே. எளிய கொள்கையை முதலில் சோதித்துப் பார்த்ததில் என்ன நஷ்டம்?


#5 கருவறை_நூல்

சோதித்தார்கள் என்றால் நஷ்டமே இல்லை தம்பி. ஆனால் அந்தக் குறியீட்டை நம்பியவருக்கு யூயூயூவைச் சோதிக்கக் காரணமே கிடையாது, அது பொருளற்ற சொல் என்று முன்பே முடிவாகிவிட்டது. சோதித்தவர்கள் கிரிக்கின் வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள். எளிமை ஒரு கதவைத் திறக்கும்போது பக்கத்துக் கதவில் பூட்டும் போட்டுவிடுகிறது. அதுதான் நஷ்டம்.


#6 மருந்துச்சீட்டு

பொது மருத்துவம் பார்க்கிறேன். எங்களுக்குக் கல்லூரியிலேயே இந்தக் கத்தியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்: நோயாளியின் எல்லாத் தொந்தரவுக்கும் ஒரே நோயைத் தேடு. இளவயதுக்காரர்களிடம் இது பிரமாதமாக வேலை செய்யும். இருபது வயதுப் பெண்ணுக்கு மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, சிறுநீரில் புரதம் என்றால் மூன்று தனி நோய்களைத் தேடக் கூடாது. லூபஸ் என்ற ஒன்றே மூன்றையும் செய்யும்.

வயது கூடினால் கதை மாறும். அமெரிக்க மருத்துவர் ஜான் ஹிக்கம் பெயரில் வழங்கும் எதிர்விதி ஒன்று உண்டு: நோயாளி எத்தனை நோய்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அது அவர் இஷ்டம். தென்னாப்பிரிக்காவில் செயின்ட் என்ற அறுவை மருத்துவரும் இதையேதான் வலியுறுத்தினார். பித்தப்பைக் கல், உதரவிதானப் பிதுக்கம், பெருங்குடல் பைகள் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். மூன்றுக்கும் பொதுக் காரணம் கிடையாது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று சொல்கிறேன். மழைக்காலம், கார்த்திகை மாதம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, வயல்வேலை. ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி, தட்டணுக்கள் இறங்கியிருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதி. எல்லாம் பொருந்துகிறது. தெருவில் நாலு பேருக்கு டெங்கு. இதைவிட எளிய விளக்கம் இருக்க முடியாது, அது உண்மையும்கூட. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கும். இவருக்குத் தட்டணுக்கள் ஏறத் தொடங்கிய பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் இருமல் சேர்ந்தது.

இந்த இடத்தில் எளிமையை நம்பினால், "டெங்கு இவருக்குக் கொஞ்சம் நீள்கிறது" என்று சொல்லிக் காத்திருக்கலாம். ஆனால் நீளும் காய்ச்சல் டெங்குவின் குணம் இல்லை. அதனால் அவரை மறுபடி தலை முதல் கால் வரை பார்த்தோம். மார்புக்கு அடியில், சேலை மறைக்கும் மடிப்பில், கருப்பாகப் பொருக்குத் தட்டிய சிறிய புண் ஒன்று இருந்தது. சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் அந்த அம்மாவுக்கே தெரியாது. புதர்ப் பூச்சி கடித்த இடம். உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, ஸ்க்ரப் டைபஸ், அது. டாக்சிசைக்ளின் கொடுத்தோம், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. விட்டிருந்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

டெங்குவும் இருந்தது, உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. மழை, ஈரம், புதர், கொசு எல்லாம் ஒரே பருவத்தில் ஒரே வயலில்தான் இருக்கின்றன. இரண்டாவது நோயைத் தேடக் கூடாது என்று சொல்லும் விதியை நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.


#7 வளைகோடு

டாக்டர், கணக்காகப் பார்த்தாலும் நீங்கள் சொல்வதுதான் வருகிறது. எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்கள்: ஒரு பருவத்தில் ஒரு நோய் 100இல் ஒருவருக்கு, இன்னொன்று 50இல் ஒருவருக்கு. தொடர்பே இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து 5000இல் ஒருவருக்கு வரும். எல்லா அறிகுறியையும் தனியாக விளக்கும் ஓர் அபூர்வ நோய் லட்சத்தில் ஒருவருக்கு என்றால், இரண்டு சாதாரண நோய்கள் என்பதே 20 மடங்கு சாத்தியம். எண்ணிக்கையில் ஒன்று என்பதால் அபூர்வ நோய் எளிமையாகத் தெரிகிறது, அவ்வளவே. நோய்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். சர்க்கரை நோயும் காசநோயும் அப்படித்தானே?


#8 மருந்துச்சீட்டு

ஆமாம். சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். நம் நாட்டில் இரண்டும் ஏராளம். அதனால்தான் காசநோயாளிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்கிறோம்.


#9 வைண்டிங்_கடை

நான் மோட்டார் ரீவைண்டிங் செய்பவன். பெரிய விஷயம் பேசுகிறீர்கள், இருந்தாலும் என் அனுபவத்தில் இது தினமும் வரும் பிரச்சினை என்பதால் எழுதுகிறேன்.

தென்னந்தோப்பில் சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார். ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை. பேனல் பெட்டியைத் திறந்தால் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது. மாற்றினால் ஓடும். கெப்பாசிட்டர் போச்சு, விஷயம் முடிந்தது. இதில் பொய்யே கிடையாது. ஆனால் கொஞ்ச நாளில் அதே ஆள் அதே உப்பிய கெப்பாசிட்டரோடு வந்து நிற்பார். "மட்டமான சரக்கு" என்று நம்மைத் திட்டுவார்.

அப்போது நேரில் போய் மோட்டார் ஓடும்போதே அளக்க வேண்டும். இந்தத் தோப்பில் மீட்டர் பெட்டியில் 220 வோல்ட். போர் குழி வாயில், லோடு இருக்கும்போது, 185. டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்விப் பிடித்து கரண்ட் அளக்கும் மீட்டர்) பார்த்தால் மோட்டார் பிளேட்டில் போட்டிருப்பதைவிட அதிக ஆம்பியர். நடுவில் இருந்த கேபிள் அந்தத் தூரத்துக்குப் போதாத மெல்லிய கேபிள். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் வேகம் எடுக்க நேரமாகும், அதுவரை ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் லைனிலேயே கிடந்து சூடாகும், உப்பும். கேபிளை மாற்றிய பிறகு அந்தப் புகார் வரவில்லை.


#10 கேள்விக்குறி

அண்ணே, அப்படிப் பார்த்தால் கடைசியில் கேபிள் என்ற ஒரே காரணம்தானே எல்லாவற்றையும் விளக்கியது? எளிமைதானே ஜெயித்தது?


#11 வைண்டிங்_கடை

நியாயமான கேள்வி தம்பி. ஆமாம், கடைசியில் காரணம் ஒன்றுதான். ஆனால் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்து அங்கே போகவில்லை. பக்கத்துத் தோப்பில் இதே புகாருக்குக் கேபிளும் மெல்லிசு, தண்ணீர் மட்டமும் இறங்கி மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது, இரண்டும் தனித்தனி. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு தோப்பும் ஒன்றுதான். மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.


#12 திண்ணைத்_தர்க்கம்

இந்த விவாதம் நம் தர்க்க மரபிலும் தீவிரமாக நடந்த ஒன்று. அங்கே இதற்குப் பெயர் லாகவம், கௌரவம். லாகவம் என்றால் ஊகத்தின் லேசுத்தன்மை, கௌரவம் என்றால் கனம். இரண்டு கொள்கைகள் மோதும்போது, "உன்னுடையதில் கௌரவ தோஷம் இருக்கிறது" என்று நியாய நூலார் எதிராளியை மடக்குவார்கள்.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. இங்கே நம் பேச்சுக்கு இரண்டு விஷயங்கள் நேராகப் பொருந்துகின்றன.

முதலாவது, லாகவம் எதில் என்று கேட்டார்கள். சொல்லின் உருவில் சுருக்கமா, மனத்தில் சீக்கிரம் தோன்றுவதிலா, பொருள்களுக்கு இடையே உள்ள தொடர்பிலா என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றில் லேசாக இருப்பது இன்னொன்றில் கனமாகலாம். உங்கள் வாசிப்புக் குழு நண்பர் எந்த எளிமையைச் சொன்னார்? அதைக் கேட்காமல் விவாதம் நகராது.

இரண்டாவது, பலமுக கௌரவம் (பலன், அதாவது விளைவு, வழியாக வரும் கனம்) தோஷமாகாது என்ற விதி. கொள்கையை நிறுவிய பிறகு அதன் விளைவாகவே வந்து சேரும் கனத்தைக் குற்றமாகச் சொல்லி அதைத் தள்ள முடியாது. ஒன்றை ஏற்கச் சான்று இருக்கிறது, ஏற்றதனால் கொஞ்சம் கனம் கூடுகிறது என்றால் சுமந்துதான் ஆக வேண்டும்.

லாகவத்தை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முயன்றதும் உண்டு. உலகைப் படைத்தவர் பலர் என்பதைவிட ஒருவர் என்பதே லேசு, ஆகவே ஈசுவரன் ஒருவனே என்று நியாய மரபினர் அனுமானம் செய்தார்கள். அதைக் கடுமையாக மறுத்தவர்களில் ஒருவர் ஸ்ரீபாஷ்யம் எழுதிய ராமானுஜர். இறைவன் ஒருவனே என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. இருந்தும், பெரிய கட்டுமானங்கள் பலர் சேர்ந்து பல காலத்தில் செய்வதாகத்தான் கண்ணால் காண்கிறோம், அதனால் ஒரே கர்த்தா என்று அனுமானத்தால் நிறுவ முடியாது, சாஸ்திரத்தால்தான் அறிய முடியும் என்றார். தனக்குப் பிடித்த முடிவுக்கே சாதகமாக இருந்தும், போதாத வாதத்தைப் போதாது என்று சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

ஒக்கமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 14ஆம் நூற்றாண்டுத் துறவி அவர். காரணமில்லாமல் எதையும் சேர்க்காதே என்றார். அதே சமயம், குறைவானவற்றால் செய்யக்கூடியதைக் கடவுள் அதிகமானவற்றால் செய்வதும் உண்டு என்று எழுதினார். இன்று அவர் பெயரில் உலவும் புகழ்பெற்ற வாசகம் அந்தச் சொற்களில் அவர் எழுத்தில் இல்லை. அவர் காலத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டில் வால்டர் சாட்டன் என்பவர் எதிர்விதி வைத்தார்: மூன்று பொருள்கள் போதவில்லை என்றால் நான்காவதைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும், அதுவும் போதாவிட்டால் மேலும்.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூல் அடுக்கும்போது மிகைபடக் கூறலுக்கும் முன்னால் குன்றக் கூறலைத்தான் வைக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.


#13 வானோக்கி

எதில் லாகவம் என்ற கேள்வி புதன் விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது.

1894இல் அசாஃப் ஹால் என்ற அமெரிக்க வானியலாளர் ஒரு வழி சொன்னார். ஈர்ப்பு விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்பதில் அந்த 2ஐ 2.00000016 என்று மாற்றினால் போதும், புதன் சரியாகிவிடும். எழுதுவதற்கு இதைவிட லேசான திருத்தம் கிடையாது, ஒரே ஓர் எண். ஐன்ஸ்டைனுடைய சமன்பாடுகளோ பத்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. தீர்ப்பதற்குள் மூச்சு வாங்கும். காகிதத்தில் பார்த்தால் ஹால்தான் எளியவர்.

ஆனால் ஹாலின் எண் புதனைப் பார்த்துத் திருகி வைத்த எண். 2க்குப் பதில் அது ஏன் என்று கேட்டால் புதனைத் தவிர வேறு பதில் இல்லை. பிறகு சந்திரனின் இயக்கத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டபோது அந்தத் திருத்தத்துக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்தது. ஐன்ஸ்டைனின் கொள்கையில் புதனுக்காகத் திருக எந்த எண்ணும் கிடையாது. ஒளியின் வேகமும் நியூட்டனின் ஈர்ப்பு மாறிலியும் முன்பே தெரிந்தவை. அதிலேயே புதன் வருகிறது, சூரியன் அருகே ஒளி எவ்வளவு வளையும் என்பதும் வருகிறது. கணக்கில் கனம், ஊகத்தில் லேசு. வளைகோடு சொன்ன தண்டத்தைப் போட்டால் ஐன்ஸ்டைன்தான் ஜெயிப்பார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இது 1915இல் இரண்டும் கையில் இருந்தபோது சொல்ல முடிந்தது. 1859இல் ஒன்றுதான் இருந்தது.


#14 பொட்டிப்புரம்_பக்கம்

தேனி மாவட்டத்திலிருந்து. நியூட்ரினோ ஆய்வகம் எங்கள் மலையில் வரும் என்று அறிவித்ததிலிருந்து அந்தத் துகளைப் பற்றிப் படித்து வருகிறேன். (திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு இழைக்கு.) லெவெரியேயின் கேள்விக்கு இன்னொரு முகம் அதில் இருக்கிறது.

பீட்டாச் சிதைவில், அதாவது அணுக்கரு ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்து மாறும்போது, ஆற்றல் கொஞ்சம் காணாமல் போவது போலத் தெரிந்தது. நீல்ஸ் போர், அணுக்கரு அளவில் ஆற்றல் அழியாமை விதி கறாராகப் பொருந்தாமல் போகலாம் என்றார். புதிய பொருள் எதுவும் இல்லை, விதியில் மட்டும் தளர்வு. 1930 டிசம்பரில் பௌலி, யாரும் பார்க்காத, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் ஆற்றலைக் கொண்டுபோகிறது என்றார். புதிய பொருளைச் சேர்ப்பதுதான் கத்திக்கு ஆகாது. ஆனால் பௌலிதான் சரி. 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் அணு உலைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தார்கள். 1965இல் நம் கோலார் தங்கச் சுரங்கத்தில், நிலத்துக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடமும் கிடைத்தது.

நெப்டியூன், வல்கன், நியூட்ரினோ மூன்றுமே சேர்க்கப்பட்ட பொருள்கள். சேர்க்கும் நாளில் மூன்றும் ஒரே கனம். வித்தியாசம் அப்புறம்தான் வந்தது. நெப்டியூன் யுரேனஸை விளக்கியதோடு நிற்காமல் வானத்தில் ஒரு இடத்தில் வட்டமாகத் தெரிந்தது, அதற்கு ஒரு நிலவும் இருந்தது. நியூட்ரினோ உலையில் சிக்கியது, சுரங்கத்தில் சிக்கியது. வல்கன் புதனின் கணக்கைத் தவிர வேறெங்கும் நிலையாகத் தலைகாட்டவில்லை. எந்தச் சிக்கலுக்காக ஒன்றைக் கொண்டுவந்தோமோ அதற்கு வெளியிலும் அது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பதைத்தான் நான் நம்புகிறேன்.


#15 வளைகோடு

இதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஒரு இடத்தில் மட்டும் விடமாட்டேன். வெளியில் எங்கே தட்டுப்படும் என்று ஆயிரம் ஊகங்களுக்கும் தேடிப் பார்க்க யாரிடமும் நேரமோ பணமோ கிடையாது. எதை முதலில் தேடுவது என்ற வரிசைக்கு எளிமை வேண்டும். டாக்டரும் டெங்குவைத்தான் முதலில் பார்த்தார், வைண்டிங் கடைக்காரரும் கெப்பாசிட்டரைத்தான் முதலில் மாற்றினார். அது சரியான வரிசைதான். வரிசையில் முதலில் நிற்பதை உண்மை என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை நுழைகிறது.

வானோக்கி சார், உங்களிடம் ஒரு கேள்வி. கரும்பொருள்? 1970களில் வேரா ரூபின் போன்றவர்கள் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்தபோது, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவில்லை என்று தெரிந்தது. காணாத பொருள் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். 1983இல் மில்க்ரோம், விதியைத்தான் திருத்த வேண்டும் என்றார். நிலத்தடியில் எத்தனையோ கருவிகள் வைத்துத் தேடியும் அந்தத் துகள் இதுவரை உறுதியாகச் சிக்கவில்லை. இது நெப்டியூனா, வல்கனா?


#16 வானோக்கி

நெப்டியூன் என்றே நினைக்கிறேன். காரணம் எளிமை கிடையாது. மில்க்ரோமின் திருத்தம் தனி மண்டலங்களின் சுழற்சிக்கு ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வியக்கும்படி பொருந்துகிறது. லாகவத்தை மட்டும் பார்த்தால் நான் அவர் பக்கம் போயிருப்பேன். ஆனால் மண்டலக் கொத்துகளுக்கு வந்தால் அது போதவில்லை, அங்கே அவர்களும் காணாத பொருளைக் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2006இல் புல்லட் கொத்தை ஆராய்ந்து வந்த முடிவு எனக்கு முக்கியமானது. இரண்டு கொத்துகள் மோதிக் கடந்த இடம் அது. சாதாரணப் பொருளில் பெரும்பகுதியான சூடான வாயு நடுவே தங்கிவிட்டது, ஒளியை வளைக்கும் ஈர்ப்போ வாயுவை விட்டு விலகி இரு பக்கமும் இருந்தது. பெருவெடிப்பின் மிச்ச ஒளியை அளந்தாலும், சாதாரணப் பொருளைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு காணாத பொருள் தேவைப்படுகிறது. அந்த அளவீட்டுக்கும் மண்டலங்களின் சுழற்சிக்கும் சம்பந்தமே கிடையாது. வல்கனுக்கு இப்படி ஒரு வெளிச்சாட்சிகூடக் கிடைக்கவில்லை.

துகள் கையில் சிக்கவில்லை என்பது உண்மை. அதனால் மில்க்ரோம் பக்கம் வேலை செய்பவர்களை நிறுத்தச் சொல்ல மாட்டேன். புல்லட் கொத்தையும் மிச்ச ஒளியையும் காணாத பொருள் இல்லாமலேயே, புதிதாக எண் எதையும் திருகாமல், அவர்கள் விளக்கிக் காட்டினால் நான் கட்சி மாறுவேன். இந்த இழையை எங்கள் குழுவுக்கும் அனுப்புகிறேன். அந்த நண்பர் இங்கே வந்து பதில் எழுதினால் மகிழ்ச்சி.